நட்டின் இறுக்கமும் அதை அளக்கும் கருவியும்

விமானத்தில் ஒரு நட்டை இறுக்கும்போது உண்மையில் நடப்பது, அதைத் தாங்கியிருக்கும் போல்ட்டு நீள்வதுதான். நட்டு மரையில் ஏற ஏற, போல்ட்டின் தண்டு மயிரிழையிலும் குறைவாக நீள்கிறது. நீண்ட எஃகு தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த இழுப்புதான் நடுவில் இருக்கும் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. மூட்டின் உறுதி முழுவதும் இந்த இழுவிசையில் இருக்கிறது.

போதிய அளவு இழுபட்ட போல்ட்டு, மூட்டின் மேல் வந்துபோகும் பாரத்தில் சிறு பங்கை மட்டுமே உணர்கிறது. பெரும்பங்கு அழுந்திய தகடுகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தளர்ந்த போல்ட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எஞ்சினின் அதிர்வு, காற்றின் உலுக்கல், தரையிறங்கும்போது விழும் இடி ஆகிய எல்லாவற்றையும் அது முழுதாக வாங்குகிறது. பல்லாயிரம் முறை இப்படி ஏறி இறங்கும் பாரத்தில் உலோகம் களைத்து, மரையின் அடிப்பள்ளத்தில் விரிசல் விழுகிறது. மறுபக்கம், அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு தன் மீள்தன்மையைக் கடந்து நிரந்தரமாக நீண்டுவிடும். அல்லது மரை சிதையும். அலுமினியத் தகடாக இருந்தால் அது நசுங்கும். குறைவும் கேடு, மிகையும் கேடு. ஆகவே விமானத்தின் பராமரிப்புக் கையேடு முக்கியமான ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் தருகிறது.

இழுவிசையை நேரடியாக அளக்க வழிகள் இல்லாமல் இல்லை. பெரிய போல்ட்டுகளில் இறுக்குவதற்கு முன்னும் பின்னும் நீளத்தை நுண்ணளவியால் அளக்கலாம். தண்டுக்குள் மீயொலியைச் செலுத்தி நீட்சியைக் கணக்கிடலாம். ஒரு விமானத்தில் இருக்கும் எண்ணற்ற சிறு போல்ட்டுகளுக்கு இவை ஒத்துவராது. எனவே பட்டறையில் அளக்கப்படுவது திருப்பு விசை, அதாவது மெக்கானிக்குகள் நாள்தோறும் சொல்லும் டார்க். அதை அளந்து இறுக்கும் கருவிதான் டார்க் ரெஞ்ச்.

கைப்பிடியில் கொடுக்கும் விசையை, நட்டின் மையத்திலிருந்து அந்தக் கை இருக்கும் தூரத்தால் பெருக்கினால் திருப்பு விசை கிடைக்கும். 30 செ.மீ. தூரத்தில் 100 நியூட்டன் விசையோடு, ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தூக்கும் பலத்தோடு, செங்குத்தாக இழுத்தால் அது 30 நியூட்டன் மீட்டர். அலகுகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்க விமானங்களின் கையேடுகள் இன்ச்-பவுண்டிலும் ஃபுட்-பவுண்டிலும் பேசுகின்றன. ஐரோப்பியக் கையேடுகள் நியூட்டன் மீட்டரில். பழைய ரஷ்ய வகைகள் கிலோகிராம்-மீட்டரில். 1 இன்ச்-பவுண்டு 0.113 நியூட்டன் மீட்டர். 1 ஃபுட்-பவுண்டு அதைப்போல 12 மடங்கு. ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டால் பிழை பத்து, இருபது சதவீதத்தில் நிற்காது. நட்டு அறுந்தே கையில் வரும், அல்லது இறுகாமலே நிற்கும். இந்த அலகுகள் எல்லாமே புழங்கும் இந்தியப் பட்டறைகளில், வேலை அட்டையில் எண்ணோடு அலகையும் எழுதச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

மெக்கானிக் கொடுக்கும் திருப்பு விசையில் எவ்வளவு பங்கு போல்ட்டை இழுப்பதற்குப் போகிறது? பொறியியல் நூல்கள் தரும் விடை பலரைத் திடுக்கிட வைக்கும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பாதியளவு நட்டின் அடிப்பரப்பும் வாஷரும் உரசுவதில் கரைகிறது; நாற்பது சதவீதம் அளவுக்கு மரைகளுக்கிடையே உள்ள உராய்வு தின்றுவிடுகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் மிச்சமிருக்கும் அந்தப் பத்து சதவீதம் பெரிதாக ஆட்டம் காணும். இதைக் கணக்கில் பிடிக்க ஓர் எளிய சூத்திரம் உண்டு: இழுவிசையையும் போல்ட்டின் விட்டத்தையும் ஒரு காரணியையும் பெருக்கினால் வேண்டிய திருப்பு விசை வரும். நட்டுக் காரணி எனப்படும் அந்த எண், எண்ணெய் படாத சாதாரண எஃகுக்குச் சுமார் 0.2, மசகு தடவினால் 0.15 அளவுக்கு இறங்கும். துருவேறிய மரையில் 0.3 வரை ஏறும்.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாக அமைப்பான எஃப்ஏஏ வெளியிட்டுள்ள 43.13-1பி என்ற வழிகாட்டி நூலில், கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 28 மரையும் கொண்ட எஃகு போல்ட்டுக்கு இழுவிசை வகை நட்டு போடும்போது 50 முதல் 70 இன்ச்-பவுண்டு வரை என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் 60 என்று வைத்துக்கொண்டால் 6.8 நியூட்டன் மீட்டர். காரணி 0.2 என்றால் அந்த போல்ட்டில் உருவாகும் இழுவிசை சுமார் 5,350 நியூட்டன், ஐந்தரை குவிண்டால் எடை தொங்குவதற்குச் சமம். அதே போல்ட்டில் யாரோ கிரீஸ் தடவியிருந்தால் 7,100 நியூட்டனைத் தாண்டும். மரை துருவேறி இருந்தால் 3,600 நியூட்டனுக்குக் கீழே நிற்கும். மூன்று தடவையும் கருவி காட்டியது ஒரே எண். மூன்று தடவையும் கருவி சரியாகவே வேலை செய்தது. டார்க் ரெஞ்சைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதன்மையானது இதுவே. மசகு தடவ வேண்டுமா, உலர்ந்தே இருக்க வேண்டுமா, எந்த மசகு என்று கையேடு சொல்லும் வரியை எண்ணைப் போலவே கருத்தாகப் படிக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

கருவியின் வரலாறு பெரும்பாலும் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் பணியாற்றிய கான்ராட் பார் என்பவரிலிருந்து தொடங்கப்படுகிறது. பெரிய நீர்க்குழாய்களின் விளிம்புகளில் இருக்கும் போல்ட்டுகளை ஒரே சீராக இறுக்க வேண்டி, 1918-இல் அவர் இதை உருவாக்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. காப்புரிமை 1930-களில் கிடைத்தது. இன்று பட்டறைகளில் நான்கு வகைகள் புழங்குகின்றன. வளைதண்டு வகையில் தண்டு வளைவதை ஒரு முள் அளவுகோலில் காட்டும். உடைந்துபோக அதில் அதிகம் ஒன்றுமில்லை. டயல் வகையில் முள் வட்டத்தில் சுழலும். மின்னணு வகையில், உலோகத்தின் நுண்ணிய நெளிவை உணரும் விகார உணரிகள் எண்ணைத் திரையில் காட்டும். ஆனால் அதிகமாகக் கையில் எடுக்கப்படுவது ‘கிளிக்’ வகையே. வளைதண்டும் டயலும் போல எண்ணைப் படித்துக் காட்டாமல், முன்கூட்டியே வைத்த அளவு வந்ததும் தெரிவிக்கும் வகை இது. எஞ்சின் மூடிக்குள் தலையை நுழைத்து, அளவுகோலைப் பார்க்க முடியாத நிலையில் இறுக்குபவருக்கு ஒலியும் கையில் தட்டும் உணர்வும் போதும்.

கிளிக் வகையின் குழாய்க்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. கைப்பிடியைத் திருகினால் வில் அழுந்தும். எவ்வளவு அழுந்துகிறது என்பதே வைத்த அளவு. வில்லின் முனையில் உள்ள சிறு கட்டை, கருவியின் தலையோடு சேர்ந்த நெம்புகோலின் வாலை நேராகப் பிடித்திருக்கும். திருப்பு விசை வைத்த அளவை எட்டியதும் கட்டை சாய்ந்து வழிவிடும். நெம்புகோலின் வால் குழாயின் உட்சுவரில் மோதும். அந்த மோதலே ‘கிளிக்’. அதற்குப் பின் சில பாகை தூரம் கைப்பிடி இலேசாக நகரும். அதையும் தாண்டி இழுத்தால் கருவி சாதாரண ஸ்பேனராகிவிடுகிறது. தடுக்க உள்ளே எதுவும் இல்லை. ஒலி கேட்டவுடன் கையை எடுப்பது, உறுதிப்படுத்துவதற்காக இரண்டு மூன்று முறை கிளிக் செய்யாமல் இருப்பது ஆகிய பழக்கங்கள் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன. வேலை முடிந்ததும் அளவைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். மாதக்கணக்கில் அழுந்தியே கிடக்கும் வில் தன் வலுவை இழக்கிறது. அதே நேரம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறக்கினால் உள்ளிருக்கும் கட்டை இடம் பிசகலாம். இறுகிப்போன நட்டைக் கழற்ற இந்தக் கருவியை எடுப்பது அதை வீணாக்கும் மிகச் சுருக்கமான வழி.

இழுக்கும் விதமும் அளவை மாற்றும். கைப்பிடியின் நடுவில் பிடித்து, திருப்பும் தளத்திலேயே, திடீர் வெட்டு இல்லாமல் சீராக இழுக்க வேண்டும். நட்டைக் கூடியவரை நகர்ந்துகொண்டிருக்கும் நிலையிலேயே இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நின்றுபோன நட்டை மறுபடி நகர்த்தத் தேவைப்படும் விசை அதிகம் என்பதால், நட்டு அசையும் முன்பே கருவி கிளிக் சொல்லிவிடும். இறுக்கி முடித்த நட்டைப் பின்னொரு நாள் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்ப்பதில் உள்ள பலவீனமும் இதுவே. கிளிக் வந்தது என்பதால் போல்ட்டில் இழுவிசை முழுதாக இருக்கிறது என்று ஆகாது. ஐயம் எழும் இடங்களில் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து இறுக்கச் சொல்வதுதான் நம்பத்தக்க வழி.

எட்டாத இடத்தில் இருக்கும் நட்டுக்குக் கருவியின் முனையில் ஒரு நீட்டிப்புத் துண்டை மாட்டுவார்கள். அது கைப்பிடியின் நேர்கோட்டிலேயே நீண்டால் நெம்புகோலின் நீளம் கூடிவிடும். கருவி காட்டுவதைவிட அதிகமான திருப்பு விசை நட்டில் விழும். கருவியின் நீளம் 30 செ.மீ., நீட்டிப்பு 7.5 செ.மீ., வேண்டியது 50 நியூட்டன் மீட்டர் என்றால், 50-ஐ 30 ஆல் பெருக்கி 37.5 ஆல் வகுத்து 40-இல் வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் 50-லேயே வைத்தால் நட்டில் ஏறுவது 62.5; கால் பங்கு மிகை. அதே துண்டைக் கைப்பிடிக்குச் செங்கோணமாக மாட்டினால் திருத்தம் தேவையில்லை. அதிர்வில் கழலாமலிருக்க உள்ளே நைலான் வளையமோ நெளிந்த மரையோ கொண்ட பூட்டு நட்டுகளில் இன்னொரு கணக்கு வருகிறது. அந்த நட்டு தகட்டைத் தொடும் முன்பே சுழல்வதற்கு ஒரு திருப்பு விசையைக் கேட்கும். அதை முதலில் அளந்து, கையேடு தரும் அளவோடு கூட்ட வேண்டும். சுழல 14, இறுக 60 என்றால் கருவியில் வைப்பது 74. விரலால் சுழற்ற முடிகிற அளவுக்குத் தளர்ந்துபோன பூட்டு நட்டு மறுபடி பயன்படாது.

மணிமுடி போல் வெட்டு விழுந்த கேசில் நட்டுகளில் ஸ்பிளிட் பின் செருக, போல்ட்டின் துளையும் நட்டின் வெட்டும் நேராக வர வேண்டும். கீழெல்லைக்கு இறுக்கி, மேலெல்லைக்குள்ளேயே அடுத்த வெட்டுக்கு நகர்த்துவது முறை; நேராகவில்லை என்றால் வேறு தடிமனில் வாஷர் போடுவார்கள். பின்னுக்காக நட்டைத் தளர்த்துவதோ எல்லை தாண்டி இறுக்குவதோ கூடாது. வாஷரின் இடம் சிறியதல்ல. 2007 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் நாஹா விமான நிலையத்தில் சைனா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று தரையிறங்கி நின்றபின் எரிந்து போனது. இறக்கையின் முன்விளிம்பு மடலை நிறுத்தும் அமைப்பில் ஒரு வாஷர் விடுபட்டதால் நட்டு துளை வழியாகவே வெளியே வந்துவிட்டது. விழுந்த போல்ட்டு எரிபொருள் தொட்டியைக் குத்தியது. அதிலிருந்த 165 பேரும் தப்பினார்கள். வாஷர் இல்லாத மூட்டில் டார்க் அளவுக்கு எந்தப் பொருளும் இல்லை.

தூத்துக்குடிக் கரையில் இந்த உராய்வுக் கணக்கோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. முத்துக்குளித்துறை என்று பேர்பெற்ற இந்தக் கரையை ஒட்டி உப்பளங்கள் நீண்டு கிடக்கின்றன. வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம் கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடற்காற்று குளோரைடுத் துகள்களை அங்கே கொண்டுவர அந்தத் தூரம் பெரிதல்ல. 1992-இல் தொடங்கிய இந்த நிலையத்துக்குப் பல ஆண்டுகளாக வந்துபோனவை ஏடிஆர் 72 போன்ற சுழல்விசிறி விமானங்கள். ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,000 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலை 26 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டது. இதுபோன்ற நிலையத்தில் பெரிய பராமரிப்பு நடப்பதில்லை. பறப்புகளுக்கு இடையேயான சோதனையும், தேவைப்பட்டால் ஒரு சக்கரம் மாற்றுவதும்தான். ஏடிஆர்களைப் பிரித்துப் பார்க்கும் வேலைக்குத் தமிழ்நாட்டிலேயே ஓசூரில் ஏர் ஒர்க்ஸ் நிறுவனத்தின் கூடம் இருக்கிறது. ஆனால் சக்கரம் மாற்றுவதும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் நடக்காது. வழக்கமாக, சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே அச்சு நட்டை முதலில் அதிக அளவுக்கு இறுக்கி, தாங்கிகள் தம் இடத்தில் அமர்ந்தபின் தளர்த்தி, மறுபடி குறைந்த இறுதி அளவுக்கு இறுக்குகிறார்கள். முதல் இறுக்கத்தை விட்டுவிட்டால் தாங்கி பின்னர் அமர்ந்து, நட்டு தானாகவே தளர்ந்ததுபோல் ஆகிவிடும்.

விமான போல்ட்டுகளின் எஃகுக்குக் காட்மியம் பூச்சு கொடுப்பதும், அலுமினியத் தகட்டில் எஃகு போல்ட்டு போகும் இடத்தில் அரிப்பைத் தடுக்கும் பசையைத் தடவிப் பொருத்துவதும் உப்பை எண்ணியே. இரு வேறு உலோகங்களுக்கு இடையே உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலமாகி அலுமினியத்தை அரிக்கும். பூச்சு தேய்ந்த போல்ட்டில் முதலில் மாறுவது தோற்றம்கூட அல்ல, உராய்வு. வாகைக்குளத்திலிருந்து நேர்கோட்டில் 20 கி.மீ. தென்மேற்கே, தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரின் தாழிக்காட்டில் கிடைத்த இரும்பு வாள்களும் ஈட்டிகளும் துருவேறிய கட்டிகளாகவே வெளிவந்தன. அவை ஈரமண்ணில் நூற்றாண்டுகள் கிடந்தவை; கடற்காற்றில் நிற்கும் மரைக்கோ சில மாதங்களே போதும், கணக்கிட்ட இழுவிசையில் மூன்றிலொரு பங்கு காணாமல் போவதற்கு. அதனால்தான் துருப்பிடித்த போல்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டும் சிக்கனத்தை இத்துறை ஏற்பதில்லை.

கடற்கரையும் நட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு விண்வெளித் துறையில் தெளிவான சான்று இருக்கிறது. 2006 மார்ச் 24 அன்று பசிபிக் பெருங்கடலின் குவாஜலீன் பவளத்தீவிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவிய முதல் ஃபால்கன் 1 ராக்கெட், அரை நிமிடம் கழிந்த சற்று நேரத்தில் எஞ்சின் அணைந்து விழுந்தது. எரிபொருள் கசிந்து தீப்பிடித்திருந்தது. முதலில் ஐயம் விழுந்தது, முந்தைய நாள் அந்த இணைப்பைக் கையாண்ட தொழில்நுட்பப் பணியாளர்கள் மேல், நட்டைச் சரியாக இறுக்கவில்லையோ என்று. பின்னர் ஆய்வு காட்டியது வேறு: உப்புக் காற்றில் நின்ற அலுமினிய நட்டு அரிப்பால் விரிசல் விட்டிருந்தது. அடுத்த ராக்கெட்டுகளில் அந்த இடத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு நட்டு வந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினம் ஏவுதளமும் இதே தூத்துக்குடிக் கரையில்தான் எழுகிறது. இஸ்ரோவின் பொறியாளர்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே இந்தப் பாடத்தோடு வாழ்பவர்கள்.

கருவி சரியாக இருந்தும் மூட்டு தவறிய நிகழ்வுகளில் எல்லோரும் படிக்க வேண்டியது 1990 ஜூன் 10 அன்று நடந்தது. பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸின் பிஏசி 1-11 விமானம் 17,000 அடி உயரத்தைத் தாண்டியபோது, விமானியின் முன்கண்ணாடி பெயர்ந்து பறந்தது. விமானி டிம் லான்காஸ்டர் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார்; பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்டனில் இறக்கினார். லான்காஸ்டர் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். அந்தக் கண்ணாடி முந்தைய நாள் நள்ளிரவுக்குப் பின் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் வேண்டிய விட்டத்தைவிட 0.026 அங்குலம், முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக, மெலிந்தவை. பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு, மங்கலான வெளிச்சத்தில் எடுத்தவை. இறுக்கியது அளவு கட்டுப்படுத்தும் ஸ்க்ரூடிரைவர். அதை 20 இன்ச்-பவுண்டுக்கு வைத்துச் சரிபார்த்தே எடுத்தார்கள். ஆனால் மெலிந்த போல்ட்டு நட்டின் மரையைத் தாண்டி நழுவும்போது கையில் உணரும் தட்டு, கருவி தன் எல்லையை எட்டும்போது தரும் தட்டைப் போலவே இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நம்ப அது போதுமானதாயிற்று. தலை பள்ளத்துக்குள் எவ்வளவு ஆழம் அமர்ந்திருக்கிறது என்று பார்த்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும். நின்ற இடத்தின் கோணம் அதற்கும் இடம் தரவில்லை.

இவ்வளவு நிச்சயமின்மை உராய்வில் இருக்கும்போது, கருவி தன் பங்குக்கு இன்னும் பிழை சேர்க்காமல் பார்த்துக்கொள்வதே அளவுத்திருத்தத்தின் வேலை. பட்டறையில் இதைக் கேலிப்ரேஷன் என்பார்கள். கைக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 6789. 2017-இல் அது இரண்டு பகுதிகளாகத் திருத்தி வெளியிடப்பட்டது. கிளிக் வகைக்கு, மேலெல்லை 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் இருந்தால் 4 சதவீதமும், அதற்குள் இருந்தால் 6 சதவீதமும் கூடுதலாகவோ குறைவாகவோ விலகலாம். பயன்படுத்துவோர் வேறு இடைவெளி வகுக்காத நிலையில், ஓராண்டு அல்லது 5,000 முறை இறுக்கியது, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மறுபடி சோதிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் கருவி முதலில் சில மணி நேரம் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை வைக்கப்படுகிறது. 18 முதல் 28 பாகை செல்சியசுக்குள், சோதனை முடியும்வரை ஒரு பாகைக்கு மேல் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும்; சித்திரை வெயிலில் திறந்த கூடத்தில் இதைச் செய்ய முடியாது. பிறகு கருவியைச் சோதனை மேசையில் கிடையாக மாட்டுகிறார்கள். அதன் தலை ஓர் உணரியில் செருகப்படுகிறது. உணரியின் எஃகுத் தண்டில் ஒட்டிய விகார உணரிகள், தண்டு முறுகும் நுண்ணளவை மின்னழுத்தமாக மாற்றுகின்றன. கைப்பிடியை மனிதக் கை இழுப்பதில்லை. திருகு ஒன்று மெதுவாகத் தள்ளுகிறது. முதலில் மேலெல்லையில் சில முறை இயக்கி, உள்ளிருக்கும் கிரீசையும் வில்லையும் பழக்கிவிட்டு, மேலெல்லையின் 20, 60, 100 சதவீதப் புள்ளிகளில் அளவெடுக்கிறார்கள். 100 நியூட்டன் மீட்டர் கருவி என்றால் 20, 60, 100. ஒவ்வொன்றிலும் பல முறை, கீழிருந்து மேலாக. 60-இல் வைத்தபோது உணரி ஏறத்தாழ 57.7-க்கும் 62.5-க்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் காட்டினால் கருவி தேறியது. சராசரி மட்டும் சரியாக இருந்து பயனில்லை. ஒரு முறை 57, மறுமுறை 63 என்று தாவும் கருவியின் உள்ளே தேய்மானம் இருக்கிறது, அதைத் திருகித் திருத்த முடியாது.

இந்தச் சோதனையில் இரண்டு தொகுதி எண்கள் குறிக்கப்படுகின்றன: கருவி வந்தபோது இருந்த நிலை, திருத்தியபின் உள்ள நிலை. சான்றிதழை வாங்குபவர்கள் இரண்டாவதைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். பராமரிப்புக்கு அதிகம் தேவைப்படுவது முதலாவது.

சோதனை மேசையின் உணரியை யார் சோதிப்பது? அதற்கு மேலே இன்னொரு நுட்பமான கருவி, அதற்கும் மேலே புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். இந்தத் தொடரில் ஒவ்வோர் ஆய்வகமும் தன் நிச்சயமின்மையை எண்ணாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் அந்த ஆய்வகங்களுக்கு ஏற்பு வழங்குவது என்ஏபிஎல். தொடரின் உச்சியில் இருப்பது மிகப் பழைய கருத்து: நீளம் தெரிந்த ஒரு துலாக்கோலின் முனையில் நிறை தெரிந்த எடைக்கற்கள். அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. எடைக்கல்லின் நிறை எங்கும் ஒன்றுதான்; அது கீழே இழுக்கும் விசை இடத்துக்கு இடம் மாறும். புவியீர்ப்பு முடுக்கம் தில்லியில் சுமார் 9.79, தூத்துக்குடியில் சுமார் 9.78, பாடநூல் தரும் நியமமோ 9.80665. வேறுபாடு சதவீதத்தில் கால் பங்கு அளவே. டார்க் ரெஞ்சுக்கு 4 சதவீதம் பொறுக்கும்போது இது தூசுதான்; ஆனால் அந்த ரெஞ்சைச் சோதிக்கும் உணரியைச் சோதிக்கும் எடைக்கற்களுக்கு இது பெரும்பிழை. எனவே எடைக்கல்லைப் பயன்படுத்தும் ஆய்வகம் தன் இடத்தின் ஈர்ப்பு முடுக்கத்தைத் தெரிந்து கணக்கில் சேர்க்கிறது.

இந்தியாவில் விமானப் பராமரிப்பு நிறுவனங்களுக்கான விதியை வகுப்பது டிஜிசிஏ. அதன் சிஏஆர் 145 விதிகள், கருவிகள் அங்கீகரிக்கப்பட்ட தரத்தின்படி உரிய இடைவெளியில் சோதிக்கப்பட வேண்டும், அதற்குப் பதிவேடு இருக்க வேண்டும் என்கின்றன. நடைமுறையில் ஒவ்வொரு டார்க் ரெஞ்சிலும் அதன் எண்ணும், சோதித்த நாளும், அடுத்துச் சோதிக்க வேண்டிய நாளும் எழுதிய ஒட்டுச்சீட்டு இருக்கும். நாள் கடந்த கருவி கருவியறையின் தனிப் பெட்டிக்குப் போகிறது. கீழே விழுந்த கருவியும், சீட்டில் நாள் மிச்சமிருந்தாலும், அதே பெட்டிக்கு. பல கூடங்களில் கருவியறை வாசலிலேயே ஒரு சிறு சோதனைக் கருவி பொருத்தியிருப்பார்கள். வேலைக்கு எடுக்கும் முன் மெக்கானிக் அதில் ஒரு முறை கிளிக் செய்து பார்த்துவிட்டுப் போவார். இறுக்கி முடித்த நட்டில் நட்டையும் தகட்டையும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு இழுக்கப்படும். பின்னால் நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு போன்ற முக்கியமான மூட்டுகளை, இறுக்கியவர் அல்லாத இன்னொரு தகுதி பெற்றவர் தனியே பார்த்துக் கையொப்பமிடுகிறார்.

வேலை அட்டையில் டார்க் அளவுக்குப் பக்கத்தில் கருவியின் எண்ணையும் எழுதச் சொல்வதற்கு ஆண்டுச் சோதனையில்தான் விடை கிடைக்கிறது. கருவி வந்தபோது இருந்த நிலை 4 சதவீதத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு கருவி 12 சதவீதம் குறைவாக இறுக்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால், எப்போது பிசகியது என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தைய சோதனைக்குப் பின்னான ஒவ்வொரு நாளும் ஐயத்துக்குரியது. அந்தக் காலத்தில் அந்த எண்ணுள்ள கருவி தொட்ட எல்லா அட்டைகளையும் பதிவேட்டிலிருந்து எடுக்கிறார்கள். எந்த விமானம், எந்த மூட்டு, அதன் எல்லை எவ்வளவு அகலம் என்று பார்க்கிறார்கள். 50 முதல் 70 வரை இடம் கொடுக்கும் மூட்டில் 65-இல் இறுக்கியிருந்தால் 12 சதவீதம் குறைந்தும் 57, விட்டுவிடலாம். 55-இல் இறுக்கியிருந்தால் 48. அந்த விமானம் எங்கிருந்தாலும், அடுத்த பறப்புக்கு முன்போ அடுத்த சோதனையின்போதோ, மூட்டின் முக்கியத்துவத்தைப் பொறுத்து, நட்டைத் தளர்த்தி, மரையைப் பார்த்து, சரியான கருவியால் மறுபடி இறுக்கி, புதிய கோடு இழுக்கிறார்கள்.